ஊரில் ஒரு பழைய கல்வெட்டு கிடைத்தால் அப்புறம் என்ன நடக்கும்? சிற்றூர் வரலாற்று மன்றங்களின் வேலை பற்றி ஒரு விளக்கம்

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி இது: ஏரிக்கரையில் 9ஆம் நூற்றாண்டு நடுகல் (சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல்) கண்டெடுப்பு, அல்லது வயலில் மூத்த தேவி சிற்பம், அல்லது இடிந்த கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு. கூடவே ஒரு படம். கல்லுக்கு இரண்டு பக்கமும் நாலைந்து பேர் நிற்பார்கள், கீழே "வரலாற்று ஆய்வு மையத்தினர்" என்றோ "தொல்லியல் ஆய்வுக் கழகத்தினர்" என்றோ போட்டிருக்கும். செய்தி அங்கேயே முடிந்துவிடும், படிப்பவருக்குத்தான் கேள்விகள் மிச்சம். இவர்கள் அரசு ஆட்களா? அந்தக் கல் இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமலா கிடந்தது? 9ஆம் நூற்றாண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இனி அது யாருக்குச் சொந்தம், ஏன் உடனே அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை?

அடிப்படையிலிருந்து வருவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மன்றங்கள் பழம்பொருள் சேர்ப்பவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் செய்கிற பெரிய வேலை வேறு: எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த நிலையில் இருந்தது என்பதை அது அழிவதற்குள் எழுதி, படமெடுத்து, அச்சேற்றி வைப்பது. சட்டம், பாதுகாப்பு, போராட்டம், பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாமே அந்தப் பதிவு கையில் இருந்தால்தான் நடக்கும்.

இந்த மன்றங்கள் யார்?

பெரும்பாலும் தனியார்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவே இல்லாமல் நண்பர்கள் குழுவாக இயங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தமிழ் படித்த வங்கி ஊழியர்கள், மருத்துவர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், உள்ளூர் நிருபர்கள் என்று ஒரு கலவை. திருச்சியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை 1982இல் தொடங்கிய கலைக்கோவன் ஒரு கண் மருத்துவர். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம், புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகம், ராமநாதபுரம் தொல்லியல் ஆய்வு நிறுவனம் என்று மாவட்டந்தோறும் பெயர்கள் உண்டு. மதுரையில் பசுமை நடை, 2010இல் யானைமலைக்கு ஆபத்து வந்த சமயத்தில் உருவாகி, மக்களைக் கூட்டிக்கொண்டு போய் மலைகளையும் சமணத் துறவிகளின் பாறைப் படுக்கைகளையும் நேரில் காட்டும் வேலையைச் செய்துவருகிறது.

இவர்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஒரு இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க முடியாது, தோண்ட முடியாது, யாரையும் தடுக்க முடியாது. அந்த அதிகாரங்கள் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையிடமும், 1961இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறையிடமும் இருக்கின்றன. சரி, அப்படியானால் இவர்கள் எதற்கு?

எண்ணிக்கையைப் பாருங்கள். நாடு முழுவதும் மத்தியத் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் ஏறக்குறைய 3,700, தமிழ்நாட்டில் நானூறைக் கொஞ்சம் தாண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் கோயில்களோ பல்லாயிரம். அப்புறம் எந்தத் துறையின் கணக்கிலும் வராத ஏரி மதகுகள், நடுகற்கள், கல்வட்டங்கள், பழைய சத்திரங்கள், செக்குகள், சுமைதாங்கிகள். இவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும் அளவுக்கு எந்த அரசுத் துறையிலும் ஆட்கள் இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் சைக்கிளிலோ வண்டியிலோ ஊர் ஊராகச் சுற்றினால்தான் அவை கணக்கில் ஏறும்.

"கண்டுபிடிப்பு" உண்மையில் எங்கே நடக்கிறது?

செங்கம், தருமபுரிப் பக்கம் போனால் பல நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். சமணத் தீர்த்தங்கரர் சிலை வேறொரு சாமியாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கும். ஊர்க்காரருக்கு அந்தக் கல் புதிதே அல்ல, தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. புதிதாக நடப்பது ஒன்றுதான், அதில் எழுதியிருப்பதை ஒருவர் முதல்முறையாகப் படித்து வெளியே சொல்கிறார். ஆகவே மன்றத்தினர் ஊருக்குள் போனதும் முதலில் தேடுவது கல்லை அல்ல, பெரியவர்களை. "எங்கேயாவது எழுத்து வெட்டின கல் இருக்கா, வாளோடு ஆள் நிற்கிற மாதிரி கல் இருக்கா" என்று ஆடு மேய்ப்பவரிடம் கேட்டுத்தான் பாதிக் கற்கள் தெரியவருகின்றன.

படித்த பிறகு என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு கோவிவன் என்ற நாயும் கல்லில் இருக்கிறது. இரண்டு திருடர்களைக் கடித்து அது காவல் நின்றதாக எழுத்து சொல்கிறது. 1,400 வருடத்துக்கு முன் ஒரு நாய்க்கு இருந்த பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து அந்த எழுத்தைப் படித்ததால்தான். செங்கம் வட்டாரத்தில் இப்படிக் கிடைத்த நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை 1972இலேயே தொகுத்து நூலாக்கியது. அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் புதிய கற்கள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

கல்லை எப்படிப் படிக்கிறார்கள்?

வெயிலில் நேரே பார்த்தால் தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் படாது. காலையிலோ மாலையிலோ சாய்வாக வெயில் விழும்போது, அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். இது படம் எடுக்க உதவும். முறையான ஆவணத்துக்கு மைப்படி, அதாவது கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் மையால் ஒற்றிய படி, எடுக்க வேண்டும்:

1. கல்லைத் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவுவது. கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள் எதுவும் கூடாது.
2. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவது.
3. தாள் கொஞ்சம் காய்ந்ததும், துணிப்பொதியில் மையைத் தொட்டு மேலே ஒற்றுவது. மேடான இடம் கறுக்கும், எழுத்துப் பள்ளம் வெள்ளையாக நிற்கும்.
4. முழுதும் காய்ந்தபின் உரித்து எடுத்து, ஊர், இடம், தேதி, கல்லின் எந்தப் பக்கம் என்பதைப் பின்பக்கம் எழுதி வைப்பது.

நாலாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம் எழுதாத மைப்படி ஒரு வெறும் காகிதம்.

சிலர் எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், சுண்ணாம்பு, பெயிண்ட் போட்டுப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். இது தவறு. கல்லுக்குக் கெடுதல் என்பது ஒரு பக்கம் இருக்க, தீட்டுபவர் தனக்குத் தோன்றிய எழுத்தைக் கல்லில் எழுதிவிடுகிறார். அடுத்து வருபவர் படிப்பது சோழர் எழுத்தை அல்ல, தீட்டியவரின் ஊகத்தை.

காலம் எப்படிக் கணிக்கிறார்கள்?

செய்தியில் "சுமார்" என்று வரும் நூற்றாண்டுக்குப் பின்னால் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மன்னர் பெயரும் ஆட்சியாண்டும். முதலாம் ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985இல். அவனுடைய மெய்க்கீர்த்தியான (மன்னரின் புகழைப் பாடும் முன்னுரை) "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கி யாண்டு 10 என்று இருந்தால் கல்வெட்டு 995 வாக்கில் வெட்டப்பட்டது, சந்தேகமில்லை. ஆனால் ராஜராஜனுக்கு முந்திய சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி கிடையாது. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள், எனவே வெறுமனே "கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பரகேசரி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "மதிரை கொண்ட" என்ற அடைமொழி முன்னால் இருந்தால் முதலாம் பராந்தகன் என்று பிடித்துவிடலாம். அந்த இரண்டு சொல் இருக்கிற பகுதி உடைந்து போயிருந்தால் அதோடு சரி.

இரண்டாவது, எழுத்தின் வடிவம். மிகப் பழைய தமிழ்ப் பிராமியா, வளைந்த வட்டெழுத்தா, இன்றைய எழுத்துக்கு முன்னோடியான தமிழெழுத்தா, புள்ளி இருக்கிறதா, வளைவு எப்படி என்று பார்த்துச் சொல்வது. இதில் நூறு வருடம் முன்பின்னாகப் போவது சகஜம். பத்திரிகையில் அந்த முன்பின் காணாமல் போய் "1,100 ஆண்டுகள் பழமையானது" என்று ஒரே எண் நிற்கும். படிக்கிறவர்கள் அந்த எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. 1880களின் கடைசியிலிருந்தே மத்திய அரசின் கல்வெட்டுத் துறை ஊர் ஊராகப் படியெடுத்து ஆண்டறிக்கைகளில் பட்டியலிட்டிருக்கிறது. புதுக் கல்வெட்டு என்று அறிவிக்கும் முன் அந்த ஆண்டறிக்கையில் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும், பல சமயம் நூறு வருடத்துக்கு முன்பே எண் கொடுத்திருப்பார்கள். படி எடுத்தும் முழு வாசகம் அச்சாகாத கல்வெட்டுகள் ஏராளம். அந்தப் படிகள் அந்தத் துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்ததால் தமிழ் ஆய்வாளர்கள் பட்ட சிரமம் நீதிமன்றம் வரை போய், தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது.

கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

அதிகக் குழப்பம் இங்கேதான். ஒரே சட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது, பொருள் எங்கே எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

1. மண்ணுக்குள் புதைந்து கிடைத்தால். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த எந்த மதிப்புள்ள பொருளும் புதையல்தான், தங்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகப் போகும். ஆட்சியர் விசாரித்து, உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் எடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, பங்கும் போய்விடும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கும் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

2. நிலத்தின் மேலேயே நிற்கும் கல் என்றால். புதையல் சட்டம் இதற்குப் பொருந்தாது. புறம்போக்கில் இருந்தால் அரசுடையது, பட்டா நிலத்தில் இருந்தால் நிலத்துக்காரருடையது, கோயிலில் இருந்தால் கோயிலுடையது. வயலில் நிற்கும் நடுகல்லை உழவுக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி வரப்பில் போட்டால் தடுக்கச் சட்டப்படி வழி குறைவு, அது பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய. இந்த ஓட்டையில்தான் எண்ணற்ற கற்கள் போய்விட்டன.

3. வீட்டிலேயே இருக்கும் பழம்பொருள் என்றால். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 1972. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்கள், எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள சுவடிகள் இதில் வரும். வைத்திருப்பது குற்றம் இல்லை. சிற்பம், ஓவியம் போல அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

4. பாதுகாக்கப்பட்டதாக அறிவித்துவிட்டால். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். தொல்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம் இது. அறிவிக்கும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

ஒரு மன்றம் எந்த நிலையிலும் செய்யக்கூடாதது அகழாய்வு. ஆர்வத்தில் ஒரு முதுமக்கள் தாழியை (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை) தோண்டி எடுத்துவிட்டால், தாழி கைக்கு வரும். அதைச் சுற்றியிருந்த மண்ணடுக்கு, உள்ளே எலும்பு கிடந்த நிலை, பக்கத்துத் தாழியோடு இருந்த உறவு எல்லாம் போய்விடும், அவற்றைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. காலக்கணிப்புக்குத் தேவைப்படுவது அவைதான்.

ஏன் தூக்கிக்கொண்டு போவதில்லை?

ஒரு மதகுக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தக் குமிழித் தூம்பு இன்னார் செய்வித்தது" என்று இரண்டே வரி. குமிழித் தூம்பு என்பது ஏரித் தண்ணீரை வெளியே விடும் பழைய மதகு. அது ஏரிக்குள் தூம்பின் தலையில் நிற்கும்போது, ஏரியின் பழைய நீர்மட்டம், பாசனம் போன திசை, தூம்பை அமைத்தவர், அந்தக் காலத்தில் அங்கே ஊர் இருந்தது என்ற உண்மை என அத்தனையும் சேர்ந்து கிடைக்கும். அதே கல் தாலுகா அலுவலகத்து மரத்தடியில் நின்றால் மிச்சம் அந்த இரண்டு வரி மட்டும்தான்.

நடுகல்லுக்கும் இதே கதை. அது நிற்கும் இடம் பழைய வழித்தடமாகவோ, மேய்ச்சல் நிலமாகவோ, இரண்டு ஊர் எல்லையாகவோ இருக்கும். பத்து நடுகல்லை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் மாடு கவர்ந்து போன பாதையே தெரிகிற வட்டாரங்கள் உண்டு. தவிர, கும்பிடுகிற கல்லை எடுத்துப்போக ஊர் விடாது, விடவும் கூடாது. வழிபாடு இருக்கும் கல்லுக்கு ஊரே காவல். எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் ஜல்லி இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எண்ணெய் எவ்வளவோ மேல். சாலை விரிவாக்கத்தில் அடிபடப் போகிறது, திருட்டு நடந்திருக்கிறது, உடைந்து கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற நிலைமைகளில் மட்டும் இடம் மாற்றலாம். அதையும் இருந்த இடத்தைப் பதிந்த பிறகு, வருவாய்த் துறையும் தொல்லியல் துறையும் அறியச் செய்ய வேண்டும்.

ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது?

படையெடுப்பில் அழிந்தது பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். நம் காலத்தில் கல்வெட்டுகள் அழிவது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான், அதனாலேயே தடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

திருப்பணி இதில் முதலில் நிற்கிறது. கும்பாபிஷேகம் என்று ஊர் கூடிப் பணம் திரட்டி, பழைய கருவறைச் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். சுத்தமாகும், கூடவே கல்லின் மேல்தோலும் எழுத்தும் போகும். இல்லையென்றால் டைல்ஸ் ஒட்டுவார்கள், எனாமல் பெயிண்ட் அடிப்பார்கள், அல்லது மொத்தமாக இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவார்கள். பிரித்த கற்களை வரிசை எண் போடாமல் மறுபடி அடுக்கினால், ஒரு கல்வெட்டின் முதல் வரி தெற்குச் சுவரிலும் அடுத்த வரி வடக்குச் சுவரில் தலைகீழாகவும் வந்து சேரும். தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகள் பற்றி உயர் நீதிமன்றம் கேட்டு யுனெஸ்கோ குழு 2017இல் அறிக்கை கொடுத்ததும், 2021 ஜூனில் அதே நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்ததும் இந்தப் பின்னணியில்தான். நீதிமன்ற உத்தரவு உள்ளூர் கமிட்டி வரைக்கும் போய்ச் சேர ஆள் வேண்டும். திருப்பணி தொடங்குமுன் "ஒரு நாள் கொடுங்க, எல்லாச் சுவரையும் படம் எடுத்துக்கிறோம்" என்று கேட்க ஊரில் ஒரு மன்றம் இருந்தால், குறைந்தபட்சம் எழுத்தாவது பிழைக்கும்.

அடுத்தது புதையல் ஆசை. நடுகல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இரவோடு இரவாகத் தோண்டிச் சாய்த்துவிடுவார்கள். ஆகவே மலைமேல், காட்டுக்குள் தனியாக இருக்கும் சின்னங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஊர்ப் பெயர் போதும். சரியான ஆயத்தொலைவுகளைத் தொல்லியல் துறைக்கும் மன்றத்தின் சொந்தப் பதிவேட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

குவாரி, சாலை, வீட்டுமனை பற்றி விளக்கம் தேவையில்லை.

கல்வெட்டு எழுதியவர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. "சந்திராதித்தவல்", அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை இந்தத் தருமம் நிற்க வேண்டும் என்று எழுதி, இதை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் சேர்த்து வெட்டி, காத்தவனின் பாதம் என் தலைமேல் என்று முடித்திருப்பார்கள்.

பதிவு இருந்தால் என்ன மாறுகிறது?

அண்மையில் எல்லோரும் கேள்விப்பட்ட அரிட்டாபட்டியைப் பார்ப்போம். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், அதன் கீழே வட்டெழுத்து, பாண்டியர் காலச் சிவன் குடைவரை, கூடவே சுனைகள், குளங்கள், வல்லூறு வகைப் பறவைகள். இவை ஒவ்வொன்றும் ஆய்வாளர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தவை. 2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர், அறிவிக்கப்பட்ட அந்த 193 ஹெக்டேரும் அதற்குள்ளேயே இருந்தது. கிராமங்கள் கொதித்து எழுந்தன, டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரத்தானதற்குக் காரணம் மக்கள் திரண்டது, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அந்த மக்கள் சும்மா "எங்க ஊர், எங்க மலை" என்று மட்டும் சொல்லவில்லை. எந்தக் குகையில் எந்த நூற்றாண்டுக் கல்வெட்டு, எந்தச் சிற்பம், எந்தப் பறவை என்று பட்டியலோடு பேசினார்கள். அரசிதழில் அறிவிப்பு இருந்தது, அந்த அறிவிப்புக்கு அடியில் பல வருடப் பதிவு இருந்தது. பதிவே இல்லாத ஒரு மலைக்கு இதே ஏலம் வந்திருந்தால் கோப்பில் அது வெறும் "பாறைக் குன்று, தரிசு" என்றுதான் நின்றிருக்கும்.

கீழடியிலும் அகழாய்வுக்கு முன்னால் ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரையோரமாகக் களஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தார்கள், அவற்றில் ஒன்று கீழடி. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கிணறு தோண்டியபோது கிடைத்த ஓடுகளையும் பானைகளையும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அவற்றின் மதிப்பை உணர்ந்து துறைக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அகழாய்வு தொடங்கியது 2014-15இல். அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து மாணவர்களுக்குக் கல்வெட்டு எழுத்தே சொல்லிக்கொடுத்தது இந்த வகையில் மிக முக்கியமான முயற்சி. பெரியவர்கள் போகாத கண்மாய்க்கரைக்கெல்லாம் பிள்ளைகள் போவார்கள்.

கல் மட்டுமா?

கல்வெட்டுக்குச் செய்தியில் இடம் கிடைக்கிறது. ஓலை, காகிதம், படம், பேச்சு ஆகியவற்றுக்குக் கிடைப்பதில்லை, ஆனால் இவைதான் இன்னும் வேகமாக அழிகின்றன. பழைய பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கடைக் கணக்குப் பேரேடு, நாடக நோட்டீஸ், நின்றுபோன உள்ளூர்ப் பத்திரிகை, ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம். ஒரு சிறு ஊரின் கடந்த 150 வருட வரலாறு இவற்றில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களை மின்படியாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. பரணில் கிடக்கும் படத்துக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

ஒரே பிரதி என்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று ஈழத்தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையவழித் திட்டம் இன்று ஊர் மலர், பள்ளி மலர், நினைவு மலர் வரை மின்படியாக்கி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. சிறு மன்றங்கள் பின்பற்ற ஏற்ற முன்மாதிரி என்று நான் நினைப்பது இதைத்தான். பொருள் உரியவரிடமே இருக்கட்டும், படி மட்டும் பல இடங்களில் இருக்கட்டும்.

பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதில் ஒரு எச்சரிக்கை. யார் பேசுகிறார், எங்கே, என்று, இதைப் பொதுவில் போட அவர் சம்மதித்தாரா என்பவை பதிவிலேயே இருக்க வேண்டும். சாதிச் சண்டை, நிலத் தகராறு பற்றிய பேச்சு உயிரோடு இருப்பவரைப் பாதிக்கும். அதை இருபது வருடம் மூடி வைப்பதில் தவறே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோயிலும் அரசரும் மட்டுமே ஊர் வரலாறு ஆகாது. கல்வெட்டில் பறைச்சேரி, கம்மாணச்சேரி (கம்மாளர் தெரு), ஈழச்சேரி (கள் இறக்குவோர் தெரு) என்றெல்லாம் வருகிறது. அந்தத் தெருக்களில் இன்று இருப்பவர்களின் நினைவுகளைப் பதியாத மன்றம் பாதி ஊரை விட்டுவிட்டது.

ஒரு கல்லை நீங்களே பார்த்தால்

1. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தீட்டாதீர்கள். தூரத்திலிருந்து சுற்றுப்புறத்தோடு ஒரு படம், கிட்டத்தில் பல படங்கள். ஒரு அளவுகோலோ, இல்லாவிட்டால் ஒரு பேனாவோ பக்கத்தில் வைத்து எடுங்கள்.
2. ஊர், எந்தத் திசை, பக்கத்தில் என்ன, கல்லைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள் என்பதை அன்றே எழுதுங்கள்.
3. மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது என்றால் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள்.
4. மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ படத்தோடு தெரிவியுங்கள், உங்கள் பகுதி மன்றத்துக்கும் சொல்லுங்கள்.
5. வாசகம் படித்து முடித்ததும் அச்சில் கொண்டுவர முயலுங்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் நடத்தும் ஆவணம் இதழில் இப்படி வந்த புதிய கல்வெட்டுகள் ஏராளம். நாளிதழ்ச் செய்தியோடு நின்றுவிட்டால் வாசகம் யாருக்கும் கிடைக்காது. பத்து வருடம் கழித்து வருபவருக்குத் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

மன்றமே நின்றுபோனால்?

யாரும் பேச விரும்பாத விஷயம் இது. பெரும்பாலான மன்றங்கள் ஒன்றிரண்டு பேரின் உழைப்பில் ஓடுகின்றன. அவர் போனதும் அலமாரியில் உள்ள மைப்படிகளும் குறிப்பேடுகளும் அவர் பிள்ளைகளிடம் வருகின்றன, அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள், வீடு விற்கும்போது எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

தப்பித்த கதையும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் விளம்பர நோட்டீஸ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறாமல் நின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சேகரிப்பைச் சென்னையிலேயே வைத்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா, ஒரு தம்பதியின் சொந்த முயற்சியில் லட்சம் நூல்களைத் தாண்டி, ஆய்வாளர்கள் தேடி வரும் இடமாக நிற்கிறது. ஆனால் எல்லாச் சேகரிப்புக்கும் ஒரு சிகாகோ வராது.

ஆகவே மன்றம் தொடங்கும்போதே துணைவிதிகளில், மன்றம் கலைந்தால் சேகரிப்பு எந்த நூலகத்துக்கு அல்லது பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்று பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். மின்படிகள் குறைந்தது மூன்று இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும், கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. அப்புறம் பட்டியல். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத பத்துப் பெட்டிகளை ஏற்க எந்த நூலகமும் யோசிக்கும், அதே பத்துப் பெட்டிகள் எண் போட்ட பதிவேட்டோடு வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். முதல் பொருள் கைக்கு வந்த அன்றே பதிவேட்டில் எண் 1 என்று போட்டு, கொடுத்தவர், இடம், தேதி மூன்றையும் எழுதத் தொடங்கினால் இந்த வேலை பாரமாகாது, பத்து வருடம் கழித்து உட்கார்ந்து எழுதலாம் என்று விட்டால் கொடுத்தவரும் இருக்க மாட்டார், எந்த ஊர் என்பதும் நினைவிருக்காது.